கழுத்தில்லாத தோட்டா

வெடித்துப்போன துப்பாக்கியின் மிச்சத்தை ஒரு கேக் பெட்டியில் போட்டு, வெள்ளைத் துணியால் மூடி, துப்பாக்கி சுடும் கிளப்பின் தலைவர் எங்கள் முன்னால் மேஜைமேல் வைத்தார். யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்க என் நாக்கு துடித்தது. அத்தை என் பக்கம் திரும்பாமலே, "மாப்பிள்ளை, வேண்டாம்" என்றார்.

அத்தை என்றால் என் மனைவியின் அம்மா. எங்கள் துப்பறியும் நிறுவனத்தின் முதலாளியும் அவரே. நிறுவனத்தை ஆரம்பித்தது என் மாமனார். அவர் யாரைப் பின்தொடர்ந்து போனாலும் பாதி வழியில் அந்த ஆளிடமே தீப்பெட்டி கேட்டு, பேச்சுக் கொடுத்து, சிநேகமாகி, வீட்டுக்கும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். தொழில் நாறிப்போனது. அத்தை ஒருநாள் அவரைச் சமையலறைக்கு மாற்றிவிட்டு நாற்காலியில் தான் உட்கார்ந்தார். சமையலும் உருப்பட்டது, நிறுவனமும் உருப்பட்டது. இருந்த வேலையைக் கோட்டைவிட்ட எனக்கு உதவியாளர் பதவி கிடைத்தது. மாப்பிள்ளைக்குரிய மரியாதையில் அத்தை ஒரு குறையும் வைக்கமாட்டார். 'நீங்க, வாங்க' போட்டுத்தான் திட்டுவார்.

"விஷயம் ரொம்பச் சின்னது மேடம்" என்றார் தலைவர். மீசைக்குச் சாயம் பூசியிருந்தார், காதோர முடிக்குப் பூச மறந்திருந்தார். "போன ஞாயித்துக்கிழமை புது மெம்பர்களுக்கு அறிமுக நாள். எங்க சாம்பியன் ரைஃபிள் சுட்டுக் காட்டினார். முதல் குண்டுலயே துப்பாக்கி வெடிச்சிருச்சு. அவருக்கு வலது கையில விரல் நொறுங்கிருச்சு. பக்கத்து மேடையில நின்ன பொண்ணுக்கு ஒரு சில்லு பறந்து புருவம் கிழிஞ்சு தையல். கொஞ்சம் கீழ பட்டிருந்தா கண்ணு போயிருக்கும்."

"இதைச் சின்ன விஷயம்னு சொல்றீங்க" என்றேன்.

"காரணம் தெரிஞ்சுபோச்சுன்னு சொல்ல வந்தேன். துப்பாக்கியைத் துடைச்சு வச்சது ஆயுத அறைப் பொறுப்புல இருக்கிற அம்மா. ஸ்டோரம்மான்னு கூப்பிடுவோம். துடைக்கிற துணியைக் குழலுக்குள்ளயே விட்டுட்டாங்க. அடைச்ச குழல்ல சுட்டா வெடிக்காம என்ன பண்ணும்? நாளைக்கு நான் போலீஸுக்குப் போகணும். வெளியாள் ஒருத்தர் இதையே ஒரு அறிக்கையா எழுதிக் கொடுத்தா கௌரவமா இருக்கும். அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டது."

"துணி எங்க?" என்றார் அத்தை.

"எரிஞ்சுபோச்சு."

"எரிஞ்சதை யார் பாத்தது?"

"எரிஞ்சுபோனதை எப்படி மேடம் பாக்க முடியும்?"

நான் அவரை மரியாதையோடு பார்த்தேன். காணாமல் போன ஆதாரத்தைப்போல வசதியான ஆதாரம் வேறு கிடையாது. எதிர்த்துப் பேசாது, யாரும் சரிபார்க்கவும் முடியாது.

"தோட்டா தப்பா இருந்திருக்கலாமே?"

தலைவர் சிரித்தார். சுவரைக் காட்டினார். சாம்பியனின் ஆளுயரப் படம். கையில் துப்பாக்கி, முகத்தில் உலகத்தை மன்னித்துவிட்ட பாவம். படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் பலகை: 'குழலைப் படி. தோட்டாவின் அடியைப் படி. இரண்டும் ஒன்றானால் மட்டும் சுடு.' எழுதியவர் சாம்பியனே. கிளப்பின் பாதுகாப்புக் குழுவுக்கும் அவர்தான் தலைவராம்.

"குழல்ல 223னு பொறிச்சிருக்கு. வெடிச்ச தோட்டாவோட அடியிலயும் 223தான். ரெண்டும் ஒண்ணு. அப்புறம் என்ன சந்தேகம்?"

"அது என்ன சார், 223?" என்றேன்.

"செருப்பு சைஸ் மாதிரின்னு வச்சுக்கங்க தம்பி. குழலுக்கு என்ன சைஸோ அந்த சைஸ் தோட்டாதான் போடணும். தப்பான செருப்பு காலைக் கடிக்கும். தப்பான தோட்டா முகத்தைக் கடிக்கும். ஆனா எங்க சாம்பியன் அப்படிப் போடற ஆளா? அவர் ரைஃபிள் பிடிக்கிற அழகை நீங்க பாக்கணுமே!"

அதற்குமேல் அவரால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றார். இல்லாத துப்பாக்கியை இடது கையில் ஏந்தினார். வலது கையை மார்புப் பையில் விட்டார், எதையோ எடுத்தார், மேலே சுண்டினார், பார்க்காமலே காற்றில் பிடித்தார், 'ளக்' என்று வாயால் சத்தம் கொடுத்து உள்ளே தள்ளினார். "முதல் குண்டு எப்பவும் இப்படித்தான். என்னா கைதட்டல் தெரியுமா!" என்று தானே இரண்டு தட்டு தட்டிக்கொண்டார். இவரைப் பார்த்துப் பரிதாபப்படுவதா, நாமும் தட்டுவதா என்று தெரியாமல் நானும் தட்டிவைத்தேன்.

ஆயுத அறைக்குக் கம்பி போட்ட ஒரு ஜன்னல்தான் முகப்பு. உள்ளே இரும்பு அலமாரிகள், எண்ணெய் வாடை. கம்பிக்குப் பின்னால் ஸ்டோரம்மா நின்றார். நாற்பத்தைந்து வயதிருக்கும். இடுப்பில் சாவிக்கொத்து. உள்ளிருந்து பூட்டிக்கொண்டுதான் வேலை செய்வாராம். கதவைத் திறந்து போட்டுவிட்டு ஒரு நிமிஷம்கூட நகர்ந்ததில்லை என்று அதையும் ஒரு குறையாகச் சொல்லித் தலைவர் அலுத்துக்கொண்டார்.

"துணி விட்டீங்களா?" என்று அத்தை நேரடியாகக் கேட்டார்.

"விடலன்னுதான் நினைச்சேன்." குரல் கரகரத்தது. "தொடச்சு முடிச்சதும் குழல் வழியா விளக்கைப் பாப்பேன். அன்னிக்கும் பாத்திருப்பேன். ஆனா எல்லாரும் துணி, துணின்னு சொல்லிச் சொல்லி, இப்போ கண்ணை மூடினா எனக்கே துணி தெரியுது. பாத்தேனா பாக்கலையான்னு எனக்கே சந்தேகமா இருக்கு."

"அடிபட்ட பொண்ணு எப்படி இருக்கா?"

ஸ்டோரம்மா சாவிக்கொத்தைத் திருகினார். தலைவர்தான் சொன்னார். "அது இவங்க பொண்ணுதான் மேடம். காலேஜ்ல படிக்குது. அன்னிக்குத்தான் புதுசா சேந்துச்சு."

"ஒரே வீட்டுல இருக்கோம்" என்றார் ஸ்டோரம்மா. "நான் வந்தா அவ எழுந்து அடுத்த ரூமுக்குப் போயிடறா. தட்டு வச்சா தொடறதில்லை. நான் தினமும் கதவுக்கு வெளிய நின்னு மன்னிப்புக் கேக்கறேன். ஜெயில்ல போட்டாக்கூடப் போட்டுக்கட்டும்ங்க. அவ என்னைப் பாத்து ஒரு வார்த்தை பேசினாப் போதும்."

எனக்கு ஜோக் எதுவும் வரவில்லை. அத்தை அந்தப் பெண்ணின் செல் நம்பரை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"இங்க தோட்டா வாங்கற முறை என்ன?"

"வர்றவங்க ஜன்னலுக்கு வெளிய நின்னு குழல்ல இருக்கிறதைச் சத்தமாப் படிக்கணும். நான் உள்ளேர்ந்து தோட்டா அடியைச் சத்தமாப் படிப்பேன். ரெண்டும் ஒத்துப்போனாத்தான் பெட்டி கைமாறும்."

"சாம்பியனும் படிச்சாரா?"

"அவர் எங்கங்க படிப்பார்? ஒருவாட்டி படிக்கச் சொன்னதுக்கு, 'போர்டு எழுதினவனையே போர்டு படிக்கச் சொல்றியா'ன்னு எல்லார் முன்னாடியும் கத்தினார். அப்புறம் நான் கேக்கறதில்லை. பெட்டியைக் கொடுத்துடுவேன். வெடிச்சப்போ பெட்டி சிதறிடுச்சு. பொறுக்கி வச்சுப் பாத்தோம், எல்லாம் சரியான ரகம்தான்."

அத்தை ஜன்னல் பலகையில் கேக் பெட்டியைத் திறந்தார். வெடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்து நிறுத்தினார். "சுட்டு முடிச்ச நல்ல கூடு ஒண்ணு கொடுங்க" என்றார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

நல்ல கூடு சின்ன பாட்டிலைப் போல் இருந்தது. உடம்பு, தோள், தோளுக்கு மேல் ஒடுங்கிய கழுத்து. வெடித்த கூட்டில் கழுத்தே இல்லை. குட்டையாக, மொட்டையாக, குழாய்த் துண்டுபோல நின்றது.

"வெடிச்ச வேகத்துல கழுத்து ஒடிஞ்சிருக்கும்" என்றார் தலைவர்.

"மாப்பிள்ளை, விரலைக் கொடுங்க." கொடுத்தேன். என் விரலைப் பிடித்து அந்தக் கூட்டின் விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றினார். "கிழிச்சுதா?"

"இல்லை அத்தை. வழவழன்னு இருக்கு."

"வெடிச்சு ஒடிஞ்சிருந்தா இந்நேரம் நீங்க கத்தி ஊரைக் கூட்டியிருப்பீங்க. இது ஒடிஞ்சது இல்ல. யாரோ அளவெடுத்து வெட்டி, அரம் போட்டு வழிச்சிருக்காங்க."

அடுத்ததாகக் குழலைத் திருப்பிப் பின்பக்க ஓட்டையைக் காட்டினார். உள்ளே குண்டு சிக்கிக்கொண்டிருந்தது. வகுப்பில் காட்டுவதற்காகப் பலகையில் ஒட்டி வைத்திருந்த 223 குண்டு ஒன்றை அதற்குப் பக்கத்தில் பிடித்தார். சிக்கியிருந்தது கட்டைவிரல் என்றால் இது சுண்டுவிரல். துணி இருந்ததற்கு ஒரு நூல்கூடத் தடயம் இல்லை.

தலைவரின் முகம் மாறியது. "ஐயையோ! இது 300 ரகம்!"

"அப்படின்னா?"

"223 கூட்டைக் குட்டையா வெட்டி, பெரிய குண்டு வச்சு 300 ரகம் பண்ணிக்குவாங்க. கடையில வாங்காம வீட்டுலயே செய்யறவங்க இருக்காங்க. அடியில அச்சடிச்ச பழைய நம்பர் அப்படியே இருக்கும். இதுல கொடுமை என்னன்னா, ரெண்டு துப்பாக்கிக்கும் உடம்பு ஒண்ணு, தோட்டா அடுக்கற மேகசின் ஒண்ணு, குழல் மட்டும்தான் வேற. பாத்தா அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். 300 குண்டை 223 குழல்ல சுட்டா, குண்டு போக வழி கிடையாது. வெடி பின்னாடிதான் வரும்."

"அப்போ உங்க போர்டு?" என்றேன். "குழலைப் படிச்சாலும் 223, அடியைப் படிச்சாலும் 223. ரெண்டும் ஒண்ணு. போர்டுப்படி சுடலாம்."

தலைவர் போர்டு இருக்கும் பக்கம் பார்க்கவில்லை. வேறு ஒரு பிரகாசமான யோசனை அவருக்கு வந்துவிட்டது. விரல் மெல்ல உயர்ந்து ஜன்னல் கம்பியை நோக்கி நீண்டது.

"அப்போ இது மறதி இல்ல! யாரோ வேணும்னே அந்தத் தோட்டாவைப் பெட்டிக்குள்ள கலந்திருக்காங்க! தோட்டா யார் கையில இருக்கு? இவங்க கையில! சாம்பியன் மேல யாருக்குக் கோபம்? இவங்களுக்கு! இது கொலை முயற்சி மேடம்!"

ஸ்டோரம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"இதோ பாரும்மா" என்றார் தலைவர், மிகுந்த தயாள குணத்தோடு. "சாயங்காலத்துக்குள்ள 'துணியை மறந்துட்டேன்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொடு. வேலை மட்டும்தான் போகும். போடலேன்னா நாளைக்கு நான் போலீஸ்ல கொலை முயற்சின்னுதான் சொல்லுவேன்."

துணிதான் இல்லையென்று இப்போது நிரூபணம் ஆயிற்றே, பிறகு எதற்குத் துணிக்குக் கையெழுத்து? இந்தக் கேள்வி அவருக்குத் தோன்றவே இல்லை. யாராவது ஒருத்தர் கையெழுத்து அவருக்கு வேண்டும், அவ்வளவுதான்.

"அத்தை" என்று காதோரம் முணுமுணுத்தேன். "நாம இவங்களைக் காப்பாத்த வந்தோமா, மாட்டிவிட வந்தோமா?"

அத்தை கேட்காததுபோல் அந்தக் கூட்டைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நம்பருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொட்டு.

"ரத்தம்" என்றேன். "சாம்பியனோடதா இருக்கும்."

"போன ஞாயித்துக்கிழமை ரத்தம் இன்னுமா இப்படிப் பளிச்சுன்னு இருக்கும்? காஞ்சா பழுப்பாயிடாது? என் பொண்ணு அரிவாள்மணையில கையை அறுத்துக்கிட்டப்போ நீங்க துண்டுல துடைச்சீங்களே, அடுத்த நாள் அந்தத் துண்டைப் பாக்கலையா?"

"நான் அன்னிக்கு மயக்கம் போட்டுட்டேன் அத்தை. அடுத்த நாளும் எழுந்திருக்கலை."

"அதுவும் சரிதான்." அத்தை ஸ்டோரம்மாவின் கைகளைப் பார்த்தார். ஒட்ட வெட்டிய நகங்கள், அதற்குள் எண்ணெய்க் கறை. "இது நகப்பூச்சு மாப்பிள்ளை. இந்தக் கை ஜென்மத்துல அதைத் தொட்டதில்லை. வண்டியை எடுங்க. அடிபட்டவரைப் போய்ப் பாக்கறதுதானே முறை? வழியில பழம் வாங்கிக்கலாம்."

சாம்பியன் தன் வீட்டுக் கூடத்தில் சோபாவில் சாய்ந்திருந்தார். கட்டுப்போட்ட கைக்குத் தனியாக ஒரு மெத்தை. சுவர் முழுக்கக் கோப்பைகள். கையைத் தவிர மற்ற எல்லாம் முன்னைவிடப் பெரிதாக வீங்கியிருந்தன, முக்கியமாகத் தலை.

"வாங்க. அந்தம்மாவை விடாதீங்க" என்று எடுத்த எடுப்பிலேயே ஆரம்பித்தார். "பாவம் புண்ணியம் பாக்காதீங்க. பாதுகாப்புல பாவத்துக்கு இடமே கிடையாது. நான் வகுப்புல இதைத்தான் சொல்லுவேன்."

"அந்தச் சின்னப் பொண்ணு பாவம்" என்றார் அத்தை.

"அதான் சொல்றேன்! பெத்த பொண்ணோட கண்ணைக் குத்தப் பாத்தா! என்ன அம்மா அவ?"

பழப்பையைப் பிடித்திருந்த அத்தையின் விரல்கள் இறுகின. குரல் இறுகவில்லை. "சுடறதுக்கு முன்னாடி ஏதாவது வித்தியாசமாத் தெரிஞ்சுதா?"

"லேசா. தோட்டா உள்ள போறப்போ முரண்டு பிடிச்சுது. உள்ளங்கையால ஒரு தட்டு தட்டினேன், போயிடுச்சு. அனுபவம்."

"முரண்டு பிடிச்சா தட்டணும்னு போர்டுல போடலையே சார்?" என்றேன்.

"இவர் யாரு?" என்றார் அத்தையிடம்.

"எங்க வீட்டு மாப்பிள்ளை. சில சமயம் உபயோகமா ஏதாவது சொல்லிடுவார்."

சாம்பியனின் மனைவி பழச்சாறு கொண்டுவந்தார். நான் முதலில் பார்த்தது அவர் நகங்களைத்தான். எதிலும் பூச்சு இல்லை. என் மனதில் கட்டியிருந்த கோட்டை, புருஷனைத் தீர்த்துக்கட்டப் பார்த்த சிவப்பு நகக்காரி, அப்படியே பொலபொலவென்று உதிர்ந்தது. அத்தையோ அதைப் பார்த்ததும் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"நகப்பூச்சு போடற பழக்கம் இல்லையாம்மா?"

"எங்கக்கா போட விடறார்? ஆசையா வாங்கி வைப்பேன். மறுநாள் பாட்டிலைக் காணோம். மாடி ரூம்ல உக்காந்து தோட்டா செய்வாரே, அதோட அடியில ஒவ்வொண்ணுக்கும் ஒரு பொட்டு வைக்கிறார். எல்லாத்துக்கும் நல்லா, அழகா வைப்பார். கல்யாணம் ஆனதுலேர்ந்து என் விரலுக்கு ஒரு நாள் வச்சுவிட்டிருப்பாரா?"

"உள்ள போ!" என்று சாம்பியன் உறுமினார்.

"நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? ஆமாக்கா, ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதும் மனுஷன் என்ன கேட்டார் தெரியுமா? கை எப்படி இருக்குன்னு கேக்கலை. நான் எங்கன்னு கேக்கலை. 'என் கோட்டு எங்க'ன்னார். துப்பாக்கி சுடறப்போ போடற கோட்டு. கொண்டுபோய்க் கொடுத்தா, நல்லா இருந்த இடது கையால பையைத் துழாவி, உள்ள இருந்ததை எல்லாம் எடுத்துத் தலகாணிக்கு அடியில வச்சுக்கிட்டார். நான் ஏதோ வைரம்னு நினைச்சேன்."

அத்தை என்னைப் பார்த்தார். "மாப்பிள்ளை, தலைவர் காலையில ஒண்ணு நடிச்சுக் காட்டினாரே, அதைக் கொஞ்சம் பண்ணுங்க."

எழுந்தேன். இல்லாத துப்பாக்கியை இடது கையில் ஏந்தினேன். வலது கையை மார்புப் பையில் விட்டேன், எடுத்தேன், சுண்டினேன், பிடித்தேன். 'ளக்.' பிடித்த கணத்தில்தான் எனக்கே உறைத்தது. என் கை என் பைக்குள் போயிருந்தது. பெட்டிப் பக்கமே போகவில்லை.

"முதல் குண்டு பெட்டியிலேர்ந்து வரலை" என்றார் அத்தை. "உங்க பாக்கெட்லேர்ந்து வந்துச்சு. கிளப்பே கண்ணு கொட்டாமப் பாத்துச்சு. வருஷக்கணக்கா நீங்க செய்யற வித்தைங்கறதால ஒருத்தர்கூட அதைப் பாத்ததாவே நினைக்கலை. கைதட்டிட்டு, துணியைத் தேடப் போயிட்டாங்க. புது மெம்பர்கள் பூரா செல்லுல படம் எடுத்துக்கிட்டுத்தான் இருந்திருப்பாங்க. போலீஸ் அவங்கள்ல ஒருத்தர்கிட்ட கேட்டாப் போதும்."

சாம்பியன் கோப்பைகளைப் பார்த்தார். கோப்பைகள் ஒன்றும் உதவிக்கு வரவில்லை.

"முந்தின நாள் சிநேகிதர் தோட்டத்துக்குப் போயிருந்தேன்" என்றார் கடைசியில். "பன்னி சுட. அங்க 300தான் எடுத்துட்டுப் போவேன். பாக்கெட்ல நாலஞ்சு மிஞ்சியிருக்கு. அதே கோட்டைப் போட்டுக்கிட்டு வந்துட்டேன்."

"ரகம் மாறிடக் கூடாதுன்னுதான் சிவப்புப் பொட்டு வச்சீங்க. கையில எடுத்தப்போ அந்தப் பொட்டைப் பாக்கலையா?"

"அத்தனை பேர் என்னைப் பாத்துக்கிட்டு இருக்கறப்போ நான் எப்படிங்க தோட்டாவைப் பாப்பேன்?"

இதை அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. மனசாரச் சொன்னார். அவர் வாழ்நாளில் பேசிய ஒரே உண்மையான பாதுகாப்பு வகுப்பு அதுதான் என்று எனக்குப் பட்டது.

"ஆஸ்பத்திரியிலயே உங்களுக்குத் தெரியும்" என்றார் அத்தை. இப்போது குரல் இறுகியிருந்தது. "தெரிஞ்சே அந்தப் பொம்பளை மேல போட்டீங்க. தன் கையாலயே தன் பொண்ணு கண்ணைக் குத்தப் பாத்தோம்னு இத்தனை நாளா அவ நம்பிக்கிட்டு உக்காந்திருந்தா. உங்க விரல் இன்னும் கொஞ்ச நாள்ல கூடிடும். அவளுக்கு என்ன பண்றதா உத்தேசம்?"

"கமிட்டியில பேசிக்கறேன்."

"கமிட்டிக்கு அப்புறம் பேசலாம். புருவம் கிழிஞ்சவகிட்ட இப்பப் பேசுங்க." அத்தை அந்தப் பெண்ணின் நம்பரைப் போட்டு, சத்தம் எல்லோருக்கும் கேட்கும்படி வைத்து, அவர் வாய்க்கு நேராக நீட்டினார்.

சாம்பியன் மனைவியைப் பார்த்தார். தப்பிக்க வழி காட்டுவார் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. அந்த அம்மாள் பழச்சாறுத் தட்டை மேஜைமேல் 'டொக்' என்று வைத்துவிட்டு, "பேசுங்க" என்றார்.

மனிதர் பேசினார். இழுத்தார், இருமினார், 'எதிர்பாராத' என்ற வார்த்தையை இரண்டு மூன்று இடத்தில் செருக முயன்றார். அத்தை முறைத்ததும் விட்டுவிட்டார். தோட்டா என்னுடையது, உங்கம்மா மேல தப்பே இல்லை என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தார்.

இணைப்பு போய்விட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன்.

"இது உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும் சார்?" என்றது சின்னக் குரல்.

"அன்னிக்கேதான்மா..."

"எங்கம்மா செய்யாத தப்புக்கு தினமும் எங்கிட்ட மன்னிப்புக் கேட்டாங்க. நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன்." மூச்சு ஒன்று தடுக்கியது. "நீங்க சுட்டது எங்கம்மாவைத்தான் சார்."

இணைப்பு துண்டிக்கப்பட்டது. சாம்பியன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கேட்க அங்கே யாரும் நிற்கவில்லை. பழப்பையை மட்டும் அத்தை மறக்காமல் திருப்பி எடுத்துக்கொண்டார்.

நாங்கள் கிளப்புக்குள் வண்டியை நிறுத்தியபோது தலைவர் வாசலிலேயே காத்திருந்தார். சாம்பியன் அதற்குள் போன் போட்டுவிட்டார் என்பது அந்தக் குழைவிலேயே தெரிந்தது.

"மேடம், எல்லாம் கேள்விப்பட்டேன். பாவம், பெரிய மனுஷர். கையும் போயிருச்சு. அறிக்கையில 'காரணம் தெரியாத விபத்து'ன்னு போட்டுட்டா எல்லாருக்கும் நல்லது. ஸ்டோரம்மா வேலையும் இருந்துட்டுப் போகட்டும். பெரிய மனசு பண்ணி நான் விட்டுடறேன்."

"காலையில காரணம் ரொம்பத் தெளிவாத் தெரிஞ்சுதே?" என்றார் அத்தை. "ஸ்டோரம்மான்னா துணி, கொலை முயற்சி எல்லாம் தெரியுது. சாம்பியன்னா ஒண்ணுமே தெரியாமப் போயிடுதா? நடந்தது நடந்தபடிதான் எழுதுவேன். அவங்ககிட்ட ஏதாவது எழுதி வாங்கினீங்களா?"

தலைவர் சட்டைப்பையைப் பொத்தினார். பொத்திய கையை அத்தை பார்த்துக்கொண்டே நின்றார். கொஞ்ச நேரத்தில் மடித்த காகிதம் வெளியே வந்தது. துணியை நான்தான் மறந்தேன், என் மகளுக்கு நேர்ந்ததற்கு நானே பொறுப்பு. கீழே நடுங்கிய கையெழுத்து, மசி இன்னும் காயவில்லை. அத்தை அதை எட்டாகக் கிழித்து என் கையில் திணித்தார். "குப்பைத் தொட்டி எங்கன்னு கண்டுபிடிங்க மாப்பிள்ளை. துப்பறியறவர்தானே?"

நான் திரும்புவதற்குள் ஒரு ஸ்கூட்டர் கேட்டைத் தாண்டி வந்து ஸ்டாண்டு போடாமலே சாய்ந்து விழுந்தது. அந்தப் பெண் இறங்கி ஓடினாள். புருவத்துக்கு மேல் பிளாஸ்திரி. ஆயுத அறை ஜன்னலுக்கு முன்னால் போய் நின்றாள். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்று மட்டும் சொன்னாள்.

சாம்பியன் ஒத்துக்கொண்டது ஸ்டோரம்மாவுக்கு இன்னும் தெரியாது. யாரும் அவரிடம் சொல்லவில்லை. தோட்டா யாருடையது, பழி யார்மேல் போயிற்று, எதுவும் அவர் கேட்கவும் இல்லை. மகள் பேசிவிட்டாள் என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. உள்ளே சாவிக்கொத்து ஒலித்தது, இரும்புக் கதவு படாரென்று சுவரில் மோதியது, மனுஷி வெளியே ஓடிவந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். யார் யாருக்கு மன்னிப்புக் கேட்கிறார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி அழுதார்கள். நானும் அழுதேன், சொல்லிக்கொள்வதில் என்ன வெட்கம்? அத்தை மட்டும் அழாமல் போய், திறந்து கிடந்த கதவுக்குக் குறுக்கே முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார்.

தலைவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "மேடம்! ஆயுத அறை திறந்து கிடக்கு! சாவி பூட்டுலயே தொங்குது! இது எவ்வளவு பெரிய குத்தம் தெரியுமா?"

"தெரியும்" என்றார் அத்தை. "இதை அவங்கதான் செஞ்சாங்க. நானே கண்ணால பாத்தேன். போய் ஒரு பேப்பர் கொண்டாங்க. இதுக்கு வேணா கையெழுத்து வாங்கிக்கலாம்."